இத்தாலியன்: பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவா, இம்பெர்ஃபெத்தோவா? அப்புறம் இந்த 'ச்சி' எதற்கு?

வைகைக்கரை · திங்கள், இரவு 10:12

வணக்கம். தொரீனோவுக்கு (டூரின்) வந்து எட்டு மாதம் ஆகிறது, முதுகலை படிக்கிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் வகுப்புக்குள் கவலையில்லை. வெளியே வந்துவிட்டால் இத்தாலியன் இல்லாமல் அரைக் கிலோ தக்காளி வாங்க முடியவில்லை. மாலையில் ஏ2 (தொடக்க நிலை) வகுப்புக்குப் போகிறேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் இறந்தகாலம். வகுப்பில் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ, இம்பெர்ஃபெத்தோ என்று இரண்டு வந்தன, எது எப்போது என்று புரியவில்லை. ப்ரோஸ்ஸிமோவான 'ஓ மாஞ்ஜாத்தோ' என்பதை ஆங்கில 'ஐ ஹேவ் ஈட்டன்' மாதிரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' வராதே? அதனால் நான் புத்திசாலித்தனமாகப் புத்தகத்தின் கடைசி அட்டவணையிலிருந்த வேறொரு இறந்தகாலத்தை எடுத்து, வீட்டுக்காரப் பாட்டியிடம் 'இயேரி மாஞ்ஜாய் உனா பித்ஸா' (நேற்று ஒரு பீட்சா சாப்பிட்டேன்) என்றேன். பாட்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். 'கரிபால்தி மாதிரி பேசுகிறாய்' என்றார் (கரிபால்தி பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியத் தளபதி). ஏன்?

இரண்டாவது 'க்வெல்லோ'. க்வெல், க்வெல்லோ, க்வேய், க்வெல்யி... 'அந்த' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வேஷமா?

மூன்றாவது 'ச்சி'. பாட்டி 'பாங்குக்குப் போனாயா?' என்று கேட்டார். 'ஆமாம், போனேன்' என்ற பொருளில் 'சீ, சோனோ அந்தாத்தோ' என்றேன். இலக்கணப்படி சரிதானே? ஆனால் அவர் நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே 'ச்சி சோனோ அந்தாத்தோ' என்று முடித்துவைத்தார்.

(இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். 'த்த' வரும் இடத்தில் த் அழுத்தமாக வரும், 'ந்த'வில் மென்மையாக. சமாளித்துக்கொள்ளுங்கள்.)

நள்ளிரவுக்_கோடர் · திங்கள், இரவு 10:31

நண்பா, நான் மிலானோவில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். எல்லாவற்றுக்கும் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ, எல்லாப் பொருளுக்கும் 'க்வெஸ்தோ' (இது) என்று விரலை நீட்டு. 'ச்சி' எல்லாம் அலங்காரம். இலக்கணம் படித்து யாரும் வேலை வாங்கியதில்லை.

இலக்கணப்_பைத்தியம் · திங்கள், இரவு 11:05

விரல் வைத்தியரின் ஆலோசனைக்குப் பிறகு வருவோம். வைகைக்கரை, உங்கள் சிக்கலுக்கு இத்தாலியன் காரணமில்லை. நடுவில் நிற்கிற ஆங்கிலம்தான் காரணம். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வழி தானாகவே வந்துவிடும்.

'ஓ மாஞ்ஜாத்தோ' என்பதன் உருவம் 'ஹேவ் ஈட்டன்' போல இருக்கிறது, அவ்வளவுதான். பொருள் வெறும் 'சாப்பிட்டேன்'. இப்போது சாப்பிட்டேன், நேற்று சாப்பிட்டேன், 2015இல் அங்கே சாப்பிட்டேன், மூன்றுக்கும் 'ஓ மாஞ்ஜாத்தோ'தான். 'இயேரி ஓ மாஞ்ஜாத்தோ உனா பித்ஸா' என்று சொல்லியிருந்தால் பாட்டி கரண்டியை வைத்திருக்கமாட்டார்.

நீங்கள் எடுத்த 'மாஞ்ஜாய்' பஸ்ஸாத்தோ ரெமோத்தோ. தொலைவில் போய்விட்ட, இன்றோடு ஒட்டில்லாத இறந்தகாலம். கதையும் வரலாறும் இதில்தான் எழுதுவார்கள். 'கவிஞர் தாந்தே 1265இல் ஃபிரென்ஸேயில் (ஃபுளோரன்ஸ்) பிறந்தார், 1321இல் ராவென்னாவில் இறந்தார்' என்ற வாக்கியத்தில் 'நாக்வே', 'மொரீ' என்று வரும். தொரீனோ போன்ற வடக்குப் பகுதியில் பேச்சில் இது கிட்டத்தட்ட இல்லை. நேற்றுத் தின்ற பீட்சாவை அதில் சொன்னால், தமிழில் 'யான் நேற்று பீட்சா உண்டனன்' என்று சொன்ன மாதிரி.

இனி இம்பெர்ஃபெத்தோ. இதை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தால் 'யூஸ்டு டு', 'வாஸ் ஈட்டிங்' என்று நாலு கதவு திறப்பார்கள். நான் ஒரு தமிழ்ப் பத்தி தருகிறேன்:

'சின்ன வயதில் லீவு விட்டால் ஆச்சி வீட்டுக்குப் போவோம். மத்தியானம் ஆற்றில் குளிப்போம். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தம்பி படித்துறையில் வழுக்கி விழுந்தான்.'

போவோம், குளிப்போம், இடித்துக்கொண்டிருப்பாள். உருவத்தைப் பார்த்தால் எதிர்காலம். ஆனால் கேட்கிற யாராவது 'எப்போது போகப்போகிறீர்கள்?' என்று கேட்பார்களா? கடந்துபோன வழக்கத்தைச் சொல்ல நாம் இயல்பாக எடுக்கும் வடிவம் இது. இத்தாலியன் இந்த மூன்று வினைக்கும் இம்பெர்ஃபெத்தோ போடும்: 'அந்தாவாமோ', 'ஃபாச்சேவாமோ இல் பாஞ்ஞோ'. 'விழுந்தான்' வந்ததும் மாறிவிடும்: 'எ கதூத்தோ'. பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற திரைக்கு இம்பெர்ஃபெத்தோ, அதன் மேல் 'டொப்' என்று விழுகிற நிகழ்ச்சிக்குப் ப்ரோஸ்ஸிமோ.

வைகைக்கரை · திங்கள், இரவு 11:20

சார், எட்டு மாதமாக யாரும் இப்படிச் சொல்லவில்லை. அப்படியானால் தமிழில் '-வேன், -வோம்' வந்தாலோ '-கொண்டிருந்தேன்' வந்தாலோ இம்பெர்ஃபெத்தோ, வெறும் '-தேன்' வந்தால் ப்ரோஸ்ஸிமோ. இவ்வளவுதானா?

ஆர்னோக்கரை · செவ்வாய், காலை 7:48

இவ்வளவுதான் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபிரென்ஸேயில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்தச் சூத்திரத்தோடு வந்து அடிவாங்கியவள் நான்.

பெரிய ஓட்டை 'இருந்தது'. 'வீடு பெரிசாக இருந்தது', 'குளிராக இருந்தது', 'எனக்கு அப்போது பத்து வயது' எல்லாம் நிலைமை. தமிழில் '-வோம்' வராது, ஆனாலும் இத்தாலியனில் இம்பெர்ஃபெத்தோ: 'லா காஸா எரா க்ராந்தே', 'ஃபாச்சேவா ஃப்ரெத்தோ', 'அவேவோ தியேச்சி ஆன்னி'. மணி சொல்வதும் இதில்தான், 'எரானோ லே த்ரே'.

எதிர்ப்பக்கம் ஒன்று. 'தொரீனோவில் மூன்று வருடம் இருந்தேன்.' நீண்ட காலமாயிற்றே, திரைதானே என்று 'அபிதாவோ' போட்டால் தப்பு. மூன்று வருடம் என்று வேலி கட்டிவிட்டீர்கள், முடிந்த கணக்கு: 'ஓ அபிதாத்தோ அ தொரீனோ த்ரே ஆன்னி'. எவ்வளவு நேரம் நடந்தது என்பது இங்கே விஷயமே இல்லை. வேலி இருக்கிறதா என்பதுதான் விஷயம். நூறு வருடப் போரும் வேலிக்குள் வந்தால் ப்ரோஸ்ஸிமோ, இரண்டு நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்ததும் திரையானால் இம்பெர்ஃபெத்தோ.

அதே போல 'எட்டு மாதமாகத் தொரீனோவில் இருக்கிறேன்' என்பதை ஆங்கிலம் வழியாகப் போய் இறந்தகாலமாக்கிவிடாதீர்கள். தமிழ் மாதிரியே நிகழ்காலம்: 'அபிதோ அ தொரீனோ தா ஒத்தோ மேஸி'.

இலக்கணப்_பைத்தியம் · செவ்வாய், காலை 9:15

ஆர்னோக்கரை சொன்ன வேலிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், என் திரையை விட உறுதியானது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், எனக்கு இத்தாலியனில் ரொம்பப் பிடித்த இடம் அது.

'தெரியும்' என்ற சொல்லுக்குத் தமிழில் இறந்தகாலம் சொல்லிப் பாருங்கள். 'அவன் பொய் சொல்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும்' என்கிறோம். வடிவம் மாறவே இல்லை. 'தெரிந்தது' என்றால் பொருளே வேறு, அப்போதுதான் விஷயம் கிடைத்தது. இத்தாலியன் இந்தப் பிளவை ஒரே வினையில் இரண்டு காலத்தைப் போட்டுக் காட்டும். 'ஸப்பேவோ' என்றால் எனக்குத் தெரியும், அப்போதே. 'ஓ ஸப்பூத்தோ' என்றால் தெரியவந்தது. 'கொனொஷ்ஷேவோ' என்றால் அவரை முன்பே தெரியும், 'ஓ கொனொஷ்ஷூத்தோ' என்றால் அன்றைக்குத்தான் அறிமுகம்.

'வொலேவோ' இன்னும் அழகு. கடையில் 'வொலேவோ உன் இன்ஃபொர்மத்ஸியோனே' என்றால் 'ஒரு தகவல் வேண்டியிருந்தது'. வேண்டியது இப்போது, சொல்வது இறந்தகாலத்தில். மரியாதை. நாமும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று 'ஒண்ணு கேட்கலாம்னு வந்தேன்' என்று இழுப்போமே, அதே கூச்சம்தான்.

பலெர்மோ_அக்கா · செவ்வாய், மாலை 6:02

தம்பி வைகைக்கரை, உங்கட பாட்டி கரிபால்தி எண்டு சொல்லிச் சிரிச்சவ. கரிபால்தி 1860இல் வந்து இறங்கினது எங்கட பக்கம் மார்சாலாவில்தான். அவர் மாதிரிக் கதைத்தால் இங்கே ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்!

நான் யாழ்ப்பாணம், தெற்கே சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இங்கே காலையில் நடந்ததையும் ரெமோத்தோவில்தான் கதைப்பார்கள். பல்லாரோ சந்தையில் மீன்காரர் 'கே ஃபாச்செஸ்தி?' என்று கேட்பார், என்ன செய்தாய் என்று. நேற்றுச் செய்ததைத்தான் கேட்கிறார், நெப்போலியன் காலத்தை அல்ல. நான் இத்தாலியன் பழகினது வகுப்பில் இல்லை, வேலை செய்த வீடுகளிலும் சந்தையிலும். அதனால் எனக்கு 'அந்தாய்', 'வீதி', 'திஸ்ஸி' (போனேன், பார்த்தேன், சொன்னேன்) எல்லாம் நாக்கில் நிற்கும். பிறகு மகள் வடக்கே படிக்கப் போனாள். அங்கே அவளுடைய கூட்டாளிகள் 'உன் அம்மா நாவல் மாதிரிக் கதைக்கிறா' என்றார்களாம்.

இலக்கண ஐயா சொன்ன ஆச்சி வீட்டுக் கதைக்கு எங்கட கதை ஒன்று. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு, சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறுவோம். இங்கேயுள்ள தமிழர்கள் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பார்க்காமல் எல்லாரும் போவோம். 'சலிவாமோ' என்பேன் அதை. ஒருநாள் இறங்கி வர பஸ்ஸைத் தவறவிட்டோம். அதுக்கு 'பெர்தெம்மோ லாவ்தொபுஸ்'. உங்கட ஊரில் 'அப்பியாமோ பெர்ஸோ' என்று சொல்ல வேணும். திரை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மேலே விழுகிற சாமான்தான் வடக்குக்கும் தெற்குக்கும் மாறுது.

வைகைக்கரை · செவ்வாய், மாலை 6:40

அக்கா, நன்றி! அப்படியானால் நான் ரெமோத்தோவைப் படிக்கவே வேண்டாமா? பி1 (இடைநிலை) தேர்வு எழுதணும் என்று ஒரு எண்ணம்.

ஆர்னோக்கரை · செவ்வாய், இரவு 8:10

பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், அது போதும். ஒரு கதையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'திஸ்ஸே', 'ஃபெச்சே', 'வென்னே' என்று வரும். சொன்னார், செய்தார், வந்தார். ஒழுங்கற்ற வினைகளில் நான், அவர், அவர்கள் மூன்றுக்கு மட்டும் வேர் முறுக்கிக்கொள்ளும்: ஸ்க்ரிஸ்ஸி, ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிஸ்ஸெரோ. மற்ற மூன்று சாதுவாக ஸ்க்ரிவெஸ்தி, ஸ்க்ரிவெம்மோ, ஸ்க்ரிவெஸ்தே. இதைக் கண் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

பலெர்மோ_அக்கா · செவ்வாய், இரவு 8:25

பி1ஐத் தள்ளிப்போடாதே தம்பி. 2018இலிருந்து குடியுரிமை கேட்கிற ஆட்களுக்கு அந்தச் சான்றிதழ் வேணும். எங்கட ஆட்கள் கனபேர் சரளமாகக் கதைப்பார்கள், எழுதச் சொன்னால் இறந்தகால வினைக்கு முன்னால் 'சோனோ'வா ('ஐ ஆம்' மாதிரி, எஸ்ஸெரே வினை) 'ஓ'வா ('ஐ ஹேவ்' மாதிரி, அவேரே வினை) என்று நிற்பார்கள். நானும் நின்றேன். சிசிலியன் மொழியில் எல்லா வினைக்கும் 'அவேரே' போலத்தான் போடுவார்கள், 'எஸ்ஸெரே' கிடையாது. காது அதுக்குப் பழகிவிட்டது. இன்னொன்று, கனகாலம் நான் 'சோனோ அந்தாத்தோ' என்றே சொன்னேன், என்ட மனிசன் சொல்வதைக் கேட்டு. பொம்பிளை 'அந்தாத்தா' என்று சொல்ல வேணும் என்று ஒருத்தரும் திருத்தவில்லை.

நள்ளிரவுக்_கோடர் · செவ்வாய், இரவு 11:52

'எஸ்ஸெரே' எப்போது என்பது எளிது: அசைவு என்றால் எஸ்ஸெரே. மற்றதெல்லாம் அவேரே. ஒரு வரி நிரல். அடுத்த கேள்வி?

ஆர்னோக்கரை · புதன், காலை 8:03

உங்கள் நிரல் முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். நடந்தேன்: 'ஓ கம்மினாத்தோ'. நீந்தினேன்: 'ஓ நுவொத்தாத்தோ'. பயணம் செய்தேன்: 'ஓ வியஜ்ஜாத்தோ'. மூன்றும் அசைவு, மூன்றும் அவேரே. அசையவே அசையாமல் ஒரே இடத்தில் தங்கினால் 'சோனோ ரிமாஸ்தோ', எஸ்ஸெரே. பிறந்தால் எஸ்ஸெரே, இறந்தாலும் எஸ்ஸெரே.

நான் வைத்திருக்கும் கணக்கு: வினை முடிந்ததும் ஆள் இருக்கும் இடமோ நிலையோ மாறிவிட்டதா? போனான், வந்தான், பிறந்தான், ஆனான். மாறிவிட்டால் எஸ்ஸெரே. நடந்தான், நீந்தினான் என்பதில் செயல்தான் இருக்கிறது, எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது இல்லை. 'ஓடினேன்' என்ற 'கொர்ரெரே' இரண்டு பக்கமும் நிற்கும். பூங்காவில் ஒரு மணி நேரம் ஓடினால் 'ஓ கொர்ஸோ', வீட்டுக்கு ஓடினால் 'சோனோ கொர்ஸோ அ காஸா'. 'ரிமாஸ்தோ' போன்றவை இந்தக் கணக்குக்கும் வெளியே. மனப்பாடம்தான். குளித்தேன், எழுந்தேன் போன்ற, தனக்குத்தானே செய்கிற 'மி' போட்ட வினைகளுக்கு யோசிக்காமல் எஸ்ஸெரே. இங்கே தமிழ் கை கொடுக்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், சார்.

இலக்கணப்_பைத்தியம் · புதன், காலை 10:30

ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு வினையைத் தவிர. 'எனக்குப் பீட்சா பிடித்தது.' எனக்கு என்ற நான்காம் வேற்றுமை, பிடித்தது என்ற வினை பீட்சாவோடு. 'மி எ ப்யச்சூத்தா லா பித்ஸா': மி என்றால் எனக்கு, எழுவாய் பீட்சா. பீட்சா பெண்பால் என்பதால்தான் ப்யச்சூத்தா. ஆங்கிலக்காரன் 'ஐ லைக்ட்' என்பதிலிருந்து இங்கே வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும். நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

வைகைக்கரை · புதன், மாலை 5:15

நன்றி. இப்போது அந்த 'அந்த'வுக்கு வரலாமா? இன்றைக்குச் சந்தையில் 'க்வேய் பொமொதோரி' (அந்தத் தக்காளிகள்) என்று சரியாகச் சொன்னேன். கடைக்காரர் 'எவை?' என்று மறுபடி கேட்டார். 'க்வேய்!' என்றேன். அவர் நான் தும்மினேன் என்று நினைத்திருப்பார்.

ஆர்னோக்கரை · புதன், இரவு 7:40

பெயர்ச்சொல் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் அந்தக் குட்டி வடிவங்கள். 'இல், லோ, இ, ல்யி, லா, லே' என்று சுட்டெழுத்துப் போல முன்னால் வருவது தெரியுமல்லவா? அதன் வாலைத்தான் 'க்வெல்லோ' வாங்கிக்கொள்கிறது. 'இல் லிப்ரோ' என்றால் 'க்வெல் லிப்ரோ'. 'லோ ஸ்துதெந்தே' என்றால் 'க்வெல்லோ ஸ்துதெந்தே'. 'இ பொமொதோரி' என்றால் 'க்வேய் பொமொதோரி'. 'ல்யி அமீச்சி' என்றால் 'க்வெல்யி அமீச்சி'. அழகு என்ற 'பெல்லோ'வும் இதே ஆட்டம்தான் ஆடும்.

பெயர்ச்சொல் போய்விட்டால் நாலே நாலு: க்வெல்லோ, க்வெல்லா, க்வெல்லி, க்வெல்லே. தமிழில் 'அந்தத் தக்காளி' என்போம். தக்காளியை விட்டுவிட்டு 'அந்த!' என்று மட்டும் சொல்வோமா? 'அது' என்று மாற்றுவோம். நீங்கள் சந்தையில் 'அந்த!' என்று கத்தியிருக்கிறீர்கள். 'க்வெல்லி' என்றிருக்க வேண்டும்.

இங்கே ஒரு கூடுதல் தகவல், பரீட்சைக்கு இல்லை. எங்கள் ஃபிரென்ஸே இருக்கும் தொஸ்கானாவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, 'கொதெஸ்தோ'. என் பக்கத்தில் இருப்பது க்வெஸ்தோ, உங்கள் பக்கத்தில் இருப்பது கொதெஸ்தோ, இருவருக்கும் தள்ளி இருப்பது க்வெல்லோ. எங்கள் வீட்டுப் பக்கத்துத் தையல்காரம்மா என் கையிலுள்ள பையைக் காட்டி 'கொதெஸ்தா போர்ஸா' என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற ஊர்களில் இது பேச்சில் இல்லை. அலுவலகக் கடிதங்களில் 'கொதெஸ்தோ உஃபீச்சோ' என்று வரும், 'தங்கள் அலுவலகம்' என்ற பொருளில்.

பலெர்மோ_அக்கா · புதன், இரவு 7:58

ஐயோ பிள்ளை, அது 'உது'!

பலெர்மோ_அக்கா · புதன், இரவு 8:14

அவசரத்தில் அனுப்பிப்போட்டேன். ஊரில் நாங்கள் இது, உது, அது என்று மூன்றும் கதைப்போம். என்ட கையில் இருந்தால் இது. உன்ட கையில் இருந்தால் உது. 'உதை இஞ்ச தா.' ஆளைச் சொன்னால் இவன், உவன், அவன். இடம் என்றால் இங்கை, உங்கை, அங்கை. நீ சொன்ன கதை பிடிக்காவிட்டால் 'உந்தக் கதையை விடு' என்போம். கதைக்குக் கையில்லை, ஆனால் உன்ட வாயிலிருந்து வந்ததாலே அது உன் பக்கத்துச் சாமான்.

இத்தனை வருடமாக அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்போது 'கொதெஸ்தா' என்று பார்த்து, இது என்ன சொல் என்று யோசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இலக்கணப்_பைத்தியம் · புதன், இரவு 9:45

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து நாலு நடை நடந்தேன். தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. தமிழ்நாட்டில் நாங்கள் அந்த உகரத்தைப் பேச்சில் தொலைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் 'உகரச் சுட்டு இப்போது வழக்கில் இல்லை' என்று மனப்பாடம் செய்தோம். யாழ்ப்பாணத்தில் அது சமையலறை வரைக்கும் இருக்கிறது.

லத்தீனிலும் மூன்று அடுக்கு இருந்தது: ஹிக், இஸ்தே, இல்லே. நடுவிலுள்ள 'இஸ்தே' கேட்பவர் பக்கம். ஸ்பானிஷ் இன்றும் எஸ்தே, எஸே, அக்கேல் என்று மூன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தாலியாவில் தொஸ்கானாதான் யாழ்ப்பாணம்.

இடத்துக்கும் இருக்கிறதா, ஆர்னோக்கரை? 'உங்கை' மாதிரி?

ஆர்னோக்கரை · புதன், இரவு 10:05

இருக்கிறது. 'க்வீ' இங்கே, 'லீ' அங்கே, நடுவில் 'கொஸ்தீ': நீங்கள் இருக்கும் இடத்தில். ஃபோனில் வயதானவர்கள் 'கொஸ்தீ எப்படி இருக்கிறது?' என்று கேட்பார்கள். அக்கா, உங்கள் ஊரில் 'உங்கை மழையோ?'

பலெர்மோ_அக்கா · புதன், இரவு 10:09

ஓம், ஓம். 'உங்கை மழையோ?' அதேதான்!

நள்ளிரவுக்_கோடர் · வியாழன், அதிகாலை 1:20

உணர்ச்சிவசப்பட்டது போதும். வைகைக்கரை, நீ தொரீனோவில் 'கொதெஸ்தோ' என்று ஆரம்பித்துவிடாதே. பாட்டி இந்த முறை கரண்டியை எறிவார்.

வைகைக்கரை · வியாழன், காலை 9:00

மாட்டேன்! க்வெஸ்தோ, க்வெல்லோ இரண்டோடு நிற்கிறேன். 'ச்சி'யை யாரும் தொடவே இல்லையே.

இலக்கணப்_பைத்தியம் · வியாழன், காலை 11:40

தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ் உதவாதது மட்டுமில்லை, காலை வாரியும் விடுகிற இடம் இது.

'பாங்குக்குப் போனியா?' 'போனேன்.' தமிழில் இதுதான் முழு வாக்கியம். தெரிந்ததை நாம் திரும்பச் சொல்வதில்லை, சொன்னால்தான் விசித்திரம். 'பாங்குக்குப் போனியா?' 'ஆமாம், அங்கே போனேன்' என்றால் எதிராளி, என்னடா சாட்சி சொல்கிற மாதிரி பேசுகிறான் என்று பார்ப்பான். இத்தாலியனுக்கு அந்தக் காலியிடம் பொறுக்காது. முன்பு சொன்ன இடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டாம், ஆனால் அங்கே ஒரு சின்ன ஆணியாவது அடிக்க வேண்டும். அந்த ஆணிதான் 'ச்சி'. 'ச்சி சோனோ அந்தாத்தோ.' 'ரோமுக்குப் போகிறாயா?' 'சீ, ச்சி வாதோ.' 'வெனேத்ஸியாவுக்கு எப்போதாவது போயிருக்கிறாயா?' 'ச்சி சோனோ ஸ்தாத்தோ.'

அதனால்தான் பாட்டி உங்கள் வாயைப் பார்த்தார். ஆணி இல்லாத இடத்தில் படம் தொங்குமா என்று.

'லீ'யும் 'அங்கே'தானே என்று கேட்பீர்கள். 'லீ' விரல் நீட்டும் சொல். புதிதாகக் காட்டவும் அழுத்திச் சொல்லவும் வரும். 'ச்சி' ஏற்கெனவே பேச்சில் வந்த இடத்தைத்தான் பிடிக்கும், அழுத்தம் தாங்காது, வினையை விட்டுத் தனியாக நிற்கவும் நிற்காது. 'எங்கே வைத்தாய்?' என்ற கேள்விக்கு 'லீ!' என்று பதில் சொல்லலாம். 'ச்சி!' என்று சொன்னால், நம் ஊர்க் காதுக்கு வேறு அர்த்தம்.

ஆர்னோக்கரை · வியாழன், மாலை 6:30

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

நிற்கும் இடம் பற்றி: சாதாரண வினைக்கு முன்னால், முழு வினைப்பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு. 'ச்சி வொல்யோ அந்தாரே', 'வொல்யோ அந்தார்ச்சி' இரண்டும் சரி. அதட்டிச் சொன்னால் 'வாச்சி!', அங்கே போ. 'ச்சே', 'ச்சி சோனோ' என்று 'இருக்கிறது, இருக்கிறார்கள்' சொல்வதும் இதே ச்சிதான். தமிழில் ஒரே 'இருக்கு' என்பதால் நம்மவர்கள் 'மேஜைமேல் ஒரு புத்தகம் இருக்கு' என்பதற்கு வெறும் 'எ' போடுவார்கள். புத்தகம் புதிதாக மேடைக்கு வந்தால் 'ச்சே உன் லிப்ரோ'. எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் 'இல் லிப்ரோ எ ஸுல் தாவொலோ'.

பிறகு ச்சி இடத்தை விட்டு வெளியேயும் அலையும். 'ச்சி வுவொலே உன் ஓரா', ஒரு மணி நேரம் ஆகும். 'ச்சி பென்ஸோ', அதைப் பற்றி யோசிக்கிறேன். 'கே ச்செந்த்ரா?', அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதையெல்லாம் விதியாகப் படிக்காமல் சொற்றொடராகவே முழுங்கிவிடுங்கள். தக்காளிக்கு 'நே' வேண்டும்: 'நே வொல்யோ தூவே கீலி', அதில் இரண்டு கிலோ. நாம் 'ரெண்டு கிலோ வேணும்' என்று விட்டுவிடும் அதே காலியிடம், அங்கே வேறொரு ஆணி. 'மே நே வாதோ', கிளம்புகிறேன், என்பதிலும் இதே நே இருக்கிறது: இங்கிருந்து.

வைகைக்கரை · சனி, மாலை 4:20

இன்று காலை போர்த்தா பலாத்ஸோ சந்தைக்குப் போனேன். வந்து எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

'ஸ்தமத்தீனா சோனோ அந்தாத்தோ அ போர்த்தா பலாத்ஸோ. ஃபாச்சேவா ஃப்ரெத்தோ எ ச்செரா மொல்த்தா ஜெந்தே. மெந்த்ரே கொம்ப்ராவோ இ பொமொதோரி, ஆ கொமின்ச்சாத்தோ அ ப்யோவெரே. நொன் அவேவோ லொம்ப்ரெல்லோ. கொனொஷ்ஷேவோ உன் ஸிஞ்ஞோரே தி பலெர்மோ. ச்சி சோனோ ரிமாஸ்தோ உன் ஓரா.'

இன்று காலை போனேன், குளிர், கூட்டம், தக்காளி வாங்கிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது, குடை இல்லை, பலெர்மோக்காரர் ஒருவர் அறிமுகமானார், ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

ஆர்னோக்கரை · சனி, மாலை 5:02

ஒரு மணி நேரத்துக்கு வேலி போட்டு 'ரிமாஸ்தோ' வந்ததும், ச்சி வந்ததும் அருமை. 'மெந்த்ரே'க்குப் பின் இம்பெர்ஃபெத்தோவும் சரி. ஒரே ஒரு இடம்: அந்தப் பலெர்மோக்காரரை உங்களுக்கு முன்பே தெரியுமா?

வைகைக்கரை · சனி, மாலை 5:05

இல்லை... ஐயோ. 'ஓ கொனொஷ்ஷூத்தோ'!

பலெர்மோ_அக்கா · சனி, மாலை 5:30

அந்தப் பலெர்மோக்காரர் 'கொனொப்பி' என்றிருப்பார். நீ ஓ கொனொஷ்ஷூத்தோ என்றே சொல்லு தம்பி.

நள்ளிரவுக்_கோடர் · ஞாயிறு, இரவு 11:47

ஒரு சின்ன உதவி. இன்று டிராமில் பரிசோதகர் வந்து என்னிடம் 'ச்சே லா, இல் பில்யெத்தோ?' என்றார். ச்சே என்றால் இருக்கிறது, லா என்றால் அங்கே. டிக்கெட் அங்கே இருக்கிறது என்கிறார் போல என்று நினைத்து, திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. என்ன கேட்டார்?

ஆர்னோக்கரை · ஞாயிறு, இரவு 11:55

'உங்களிடம் இருக்கிறதா?' என்று கேட்டார். அந்த லா 'அங்கே' இல்லை. 'அதை' என்பதும் 'வைத்திருக்கிறார்' என்பதும் ஒட்டிப்போன லா. முன்னால் வந்த ச்சே நம் அலங்கார ச்சிதான், இன்னொரு சின்னச் சொல் பக்கத்தில் வந்ததும் வேஷம் மாறியிருக்கிறது. இருந்தால் 'ச்சே லோ' என்று சொல்ல வேண்டும்.

பலெர்மோ_அக்கா · திங்கள், காலை 6:40

சொல்லிக்கொண்டே டிக்கெட்டையும் காட்ட வேணும், தம்பி. விரலை அல்ல.